'பட்' கற்றுக்கொண்ட வாட்ச்மேன் அண்ணன்: பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கானாடுகாத்தான் திண்ணை:

என் சாயங்கால வகுப்பைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அதே கூட்டம்தான்: செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், சமையல்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள். அதில் ஒரு அண்ணன் வாட்ச்மேன், ஐம்பது வயதுக்கு மேல். வெள்ளைக்காரர்கள் வந்தால் முகப்பில் தொடங்கி, வளவு (தூண் வைத்த நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று பின்தெரு வாசல் வரைக்கும் இவர்தான் கூட்டிப்போவார். அவருடைய இங்கிலீஷ் முழுக்கப் பெயர்ச்சொல். 'பர்மா டீக். இத்தாலி மார்பிள். பெல்ஜியம் கிளாஸ். எக் ஒயிட் வால்.' வினைச்சொல்லே கிடையாது. வருகிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கோ, கம், பில்ட், லீவ், லிவ் என்று அவருக்கு வேண்டிய வினைகளை மட்டும் இறந்தகாலத்தோடு கொடுத்தேன். அப்புறம் அண்ட், பட், ஸோ மூன்றையும் கொடுத்து, இரண்டு சின்ன வாக்கியம் சொல்லுங்கள், நடுவில் இதில் ஒன்றைப் போடுங்கள் என்றேன். அண்ணன் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் அந்த வீட்டுப் பக்கம் போனபோது ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: 'தே வென்ட் டு பர்மா, அண்ட் தே பில்ட் திஸ் ஹவுஸ். ஜப்பான் கேம், ஸோ தே லெஃப்ட் பர்மா. ஹவுஸ் இஸ் பிக், பட் நோபடி லிவ்ஸ் ஹியர்.' அந்த அம்மா கேமராவை இறக்கிவிட்டு 'ஒய்?' என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்: 'எய்ட்டீன் ஷேர், பட் ஒன் கீ.'

அவ்வளவுதான், அந்த அம்மா வளவுத் தூண் பக்கத்திலேயே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி. இது எப்படியோ, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்திருந்த வீட்டு ஆச்சி காதுக்குப் போய்விட்டது. 'மரத்தச் சொல்லு, மார்பிளச் சொல்லு, பங்காளிக் கதை எதுக்குப்பா?' என்றாராம். அன்றிலிருந்து அண்ணன் பழையபடி 'பர்மா டீக், இத்தாலி மார்பிள்' தான். வகுப்புக்கு வருகிறார், கொடுக்கிற பயிற்சியெல்லாம் செய்கிறார், அந்த வீட்டுக்குள் போனால் மட்டும் இரண்டு வாக்கியத்தைச் சேர்ப்பதே இல்லை. ஆச்சி சொல்வதும் நியாயம்தான், அவர்கள் வீட்டு விஷயம். ஆனாலும் அந்த ஒரு 'பட்' மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

தேவகோட்டை மருமகள்:

எனக்குப் 'பட்' பிரச்சினை இல்லை, 'புட்' பிரச்சினை.

எதிர்வீட்டு ஆச்சிக்கு மகன் அமெரிக்காவில். பேரனுக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயில் வராது. போய் ஆறு மாதம் இருக்கப் போகிறார் என்பதால் என்னிடம் படிக்கிறார். வீடியோ காலில் பேரனிடம் பெருமையாகச் சொன்னார்: 'ஐ வில் புட் காஃபி ஃபார் யுவர் டாடி.' அவன், 'வேர், அப்பத்தா?' ஆச்சி, 'வேர்னா? அடுப்புலதான்டா!' அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, அடுப்பில் காபியைக் கொட்டப் போகிறாள் என்று நினைத்துவிட்டான் போல, முகம் அப்படிப் போனது.

போனை வைத்ததும் உட்கார்ந்து சொன்னேன். காபி போடுவது மேக், சட்டை போடுவது வேர், கையெழுத்துப் போடுவது சைன், கோலம் போடுவது டிரா, சண்டை போடுவது ஃபைட். ஆச்சி கேட்டுவிட்டு, 'நாம ஒரு வார்த்தையில முடிக்கிறதுக்கு இத்தனை வார்த்த வச்சிருக்கான், இவனா நம்மள ஆண்டான்?' என்றார். அதோடு 'புட்' மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. இப்போது அது வரவேண்டிய இடத்திலும் வருவதில்லை. 'மேக் த மில்க் இன் த ஃப்ரிட்ஜ்' என்கிறார். சரி, பால் எப்படியோ உள்ளே போனால் போதும். 'கெட்' இன்னும் தொடங்கவே இல்லை, கெட் அப், கெட் இன், கெட் ஆஃப் எல்லாவற்றையும் நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

ஓய்வு வாத்தியார், காரைக்குடி:

மளிகைக்கடைக்காரர் ஒருவர் என்னிடம் முதல் நாள் எழுதிக் காட்டியது இன்றும் நினைவில் இருக்கிறது: 'கோயிங் ஷாப் பையிங் ரைஸ் கமிங் ஹவுஸ் குக்கிங்.' ஒரு முற்றுவினை இல்லை. நான் சிரிக்கவில்லை, அவர் தமிழில் யோசித்ததை அப்படியே எழுதியிருக்கிறார்.

மேலே எழுதிய இருவரும் காரணத்தைத் தொடவில்லை. நாம் 'கடைக்குப் போய், அரிசி வாங்கி, வீட்டுக்கு வந்து சமைத்தேன்' என்போம். வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று, காலமும் ஆளும் அதில்தான் தெரியும். இங்கிலீஷில் ஒவ்வொரு துண்டுக்கும் காலம் காட்டுகிற வினை வேண்டும், கூட்டு வாக்கியம் என்றால் இரண்டு பக்கமும் எழுவாயும் வேண்டும். ஆகவே 'அண்ட்' கொடுப்பதற்கு முன்னால் 'ஐ வென்ட், ஐ பாட், ஐ கேம், ஐ குக்ட்' என்று தனித்தனியாகச் சொல்ல வைக்க வேண்டும், மூச்சு முட்டினாலும் 'ஐ' விடக்கூடாது, அது நன்றாக ஊறிய பிறகுதான் இணைப்பு. இணைப்புச் சொற்கள் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்பார்கள், ஏழையும் ஒன்றாகவே கொடுத்துவிடுவது நல்லது. அவற்றுக்கு முன்னால் கமா, இரண்டு பக்கமும் முழு வாக்கியமாக இருந்தால் மட்டும், ரொம்பச் சின்ன வாக்கியமென்றால் விட்டுவிடலாம். 'பிகாஸ்' போட்டால் அதே வாக்கியத்தில் 'ஸோ' கூடாது, 'ஆல்தோ' போட்டால் 'பட்' கூடாது. நம்மவர்கள் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள், அதை முளையிலேயே கிள்ள வேண்டும். வினைகளுக்கு வந்தால், அதிகம் புழங்கும் பத்தும், பீ, ஹேவ், டூ, ஸே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக், ஒன்றுகூட 'ஈடி' சேர்த்து இறந்தகாலம் ஆகாது. அதனால் 'ஈடி' விதியில் தொடங்குவது வீண். 'ஹேவ்' தனிப்பாடம் கேட்கும், நமக்கு அந்த வினையே இல்லை, 'எனக்கு இரண்டு பிள்ளை இருக்கு' என்று நாம் 'இரு'வை வைத்துச் சமாளிக்கிறோம்.

கானாடுகாத்தான்காரர் கவனிக்க: 'ஹவுஸ் இஸ் பிக்' அல்ல, 'த ஹவுஸ்'. திருத்தினீர்களா?

ஆத்தங்குடிப் பட்டறை:

வாத்தியாரய்யா, 'நார்', 'யெட்' இரண்டையும் எங்கள் பட்டறையில் யாரிடம் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்கள்? டைல் போடுகிறவருக்கு வேண்டியது அண்ட், பட், ஆர். அதிலும் 'ஆர்' தான் காசு.

சுற்றுலாக்காரர்கள் பட்டறைக்குள்ளேயே வந்துவிடுவார்கள், உங்களுக்கே தெரியும். கண்ணாடி மேல் சட்டம், அதற்குள் அச்சு, அச்சுக்குள் கரண்டியால் கலர் சிமெண்ட், அச்சை எடுத்ததும் மேலே காய்ந்த சிமெண்டும் மணலும், அதன் மேல் ஈரக் கலவை. மறுநாள் தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயில், சூளை எதுவும் கிடையாது. எங்கள் மூத்த ஆள் இதை முழுக்க 'கிவ்' என்ற ஒரே வினையில் சொல்வார். 'கிவ் கலர், அண்ட் கிவ் சிமெண்ட், அண்ட் கிவ் வாட்டர், அண்ட் கிவ் சன்.' ஊற்றுவதற்கு 'போர்' என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். சண்டை போலக் கேட்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு முறை ஒருவர் ஈரக் கல்லில் விரலை வைக்கப் போனார். மூத்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை, கரண்டியை ஓட்டிக்கொண்டே, 'டோன்ட் டச், ஆர் யூ பை.' அந்த ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பட்டறை அதிர்ந்தது. அந்த வாக்கியத்துக்குக் கமா வேண்டுமா வேண்டாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பள்ளத்தூர் அண்ணன்:

வாத்தியார் சொன்ன 'பிகாஸ், ஸோ' பற்றி. என் தம்பி எலக்ட்ரீசியன், சிங்கப்பூர் வேலைக்கு வீடியோவில் இண்டர்வியூ. அதற்கு முன்னால் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். அங்கே ஒவ்வொரு முறை இவன் வாயைத் திறந்ததும் 'பிகாஸ் போட்டாயா, ஸோ கூடாது' என்று நடுவிலேயே நிறுத்துவார்களாம். இண்டர்வியூவில் கேட்டது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, பழைய வேலையை ஏன் விட்டாய் என்று. தம்பி 'பிகாஸ் சேலரி லோ...' என்று ஆரம்பித்தான். அடுத்து வாயில் வருவது 'ஸோ', அதைச் சொல்லக்கூடாது, வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே நின்றுவிட்டான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் 'ஹலோ, ஆர் யூ தேர்?' என்கிறார்கள், லைன் போய்விட்டது என்று நினைத்து. இவனோ 'யெஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மௌனம்.

'பிகாஸ் சேலரி லோ, ஸோ ஐ லெஃப்ட்' என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? புரிந்திருக்கும். வேறு கம்பெனியில் பிறகு வேலை கிடைத்தது, அது வேறு விஷயம். முளையிலேயே கிள்ளுவதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள் ஐயா. பேசி முடிக்கட்டும், அப்புறம் திருத்துங்கள்.

ஓய்வு வாத்தியார், காரைக்குடி:

தம்பி, நான் சொன்னது எழுத்துக்கு. பேச்சில் நடுவில் மறிக்கச் சொல்லவில்லை. ஆனால் 'டோன்ட் டச், ஆர் யூ பை' வாக்கியத்துக்குக் கமா உண்டு.

கானாடுகாத்தான் திண்ணை:

ஐயா, 'த' போடவில்லை, நான் திருத்தவும் இல்லை. அந்த அம்மா கேமராவை இறக்கின நேரத்தில் போய் 'த' சொல்லச் சொல்கிறீர்களா?

கொட்டான் பின்னுகிறவள்:

இங்கே எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறவர்களாகவே இருக்கிறீர்கள், நான் படிக்கிற ஆள். ஓலைக் கொட்டான், அதாவது ஓலைக் கூடை பின்னி, காரைக்குடியில் ஒரு கடையில் வைத்து விற்கிறோம், சில நாள் நானே அங்கே உட்காருவேன்.

எங்கள் வகுப்பில் நிகழ்காலத்திலேயே ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். ஐ மேக், யூ மேக், ஷீ மேக்ஸ். அண்ட் போடவும் வந்தது. ஒரு வெளிநாட்டு அம்மா ஒரு பழைய கொட்டானை எடுத்து, கலர் ஓலை மங்கிப்போனது, அதுதான் பிடித்திருந்தது அவருக்கு, யார் பின்னியது என்று கேட்டார். நான் தெம்பாக, 'மை மதர் மேக்ஸ் திஸ், அண்ட் ஐ மேக் தட்' என்றேன். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வேர் இஸ் ஷீ, கேன் ஐ மீட் ஹெர், போட்டோ எடுக்கலாமா என்று பையைத் திறந்துவிட்டார். அம்மா இறந்து வருஷமாகிவிட்டது. எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, 'நோ, நோ' என்று கையை ஆட்டினேன், போட்டோ எடுப்பது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு 'ஸாரி, ஸாரி' என்று கொட்டானையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். 'மேட்' என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும். 'மேக்' சொல்லிக்கொடுக்கிற அன்றைக்கே 'மேட்' சொல்லிக்கொடுத்தால் என்ன? கமாவெல்லாம் எனக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டையூர்ப் பக்கம் யாராவது சாயங்காலம் வகுப்பு எடுத்தால் சொல்லுங்கள். இப்போது போகிற இடத்தில் பஸ்ஸுக்காகப் பாதியிலேயே எழுந்து வர வேண்டியிருக்கிறது, பயிற்சி எல்லாம் அந்தக் கடைசி அரைமணி நேரத்தில்தான் நடக்கிறது.