ஸ்ரோப்புக்குத் தமிழ் என்ன?

வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்புக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணப் பாடசாலை வாசிப்புக்கு, பொன்சுரங்க முகாமையாளர் ஒருவரின் ஒரு நாள். வெடி வைத்த பிறகு காற்றோட்டம் கொடுத்து, வாயுவை அளந்து, அப்புறம்தான் ஆட்களை உள்ளே விடுகிறார். அதெல்லாம் எழுதிவிட்டேன். தாதுவை வெட்டி எடுக்க எடுக்க நிலத்தடியில் உண்டாகும் வெற்றிடத்தை ஸ்ரோப் என்கிறார்கள். 'குடைவறை' சரிவருமா?

மாஸ்டர்:
தம்பி, நல்ல சொல். ஆனால் 'சுரங்கம்' என்பதையே முதலில் பார்க்க வேண்டும். குழலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வடமொழியில் சுருங்காவாகி நம்மிடம் வந்ததாம். 'சுருங்கு' என்ற நம் வினை எங்கே போனது? சிலப்பதிகாரத்திலேயே சுருங்கை இருக்கிறது. அகழ்வு, அகழறை என்று அடியிலிருந்தே தொடங்கலாமே.

ரீச்சர்:
மாஸ்டர், வெள்ளிக்கிழமை! குடைவறை என்று சொல்வதெழுதுதல் வையுங்கள், பாதி வகுப்பு 'குடைவரை' என்று எழுதி மாமல்லபுரத்தில் நிற்கும். நாங்கள் கிணறு வெட்டுகிற ஆட்கள். 'வெட்டறை' போதும்.

மாஸ்டர்:
வெட்டறை என்றால் இறைச்சிக்கடை.

பெர்த் அண்ணை:
நான் இங்கே ஒரு சுரங்கத்தில் கணக்குப் பகுதியில் இருந்தவன். 'அறை'யே பிழை. சில இடங்களில் அது ஆள் நுழையும் அகலத்தில் செங்குத்தான பிளவு. தாது முடிந்ததும் கழிவோடு சீமெந்து கலந்து நிரப்பியும் விடுவார்கள். எங்கள் முகாமையாளருக்கு நாள் முழுக்க அந்த வெற்றிடம்தான் கவலை: மேல்பாறை நிற்குமா, பக்கத்துக் கழிவுப்பாறை எவ்வளவு கலந்தது? கலந்தால் தொன்னுக்கு இத்தனை கிராம் பொன் என்ற கணக்கு விழும், உடனே ஆலையிலிருந்து போன் வரும். வெறும் 'வெட்டு' என்றால் என்ன? '3ஆம் வெட்டு, 4ஆம் வெட்டு' என்று பேசவும் வரும்.

ரீச்சர்:
'நான்காம் வெட்டில் இருவர்' என்று எழுதினால் பொலிஸ் செய்தி அண்ணை. அதுசரி, கர்நாடகத்தின் கோலார் பொன்சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இறங்கினார்களே. 2001இல் மூடும்போது 3 கிலோமீற்றருக்கும் கீழே போயிருந்தது. அவர்கள் வாயில் என்ன சொல் இருந்தது?

கேள்வி கேட்டவர்:
இதற்கு யாரும் பதில் போடவில்லை. இன்று வியாழன். எழுதியவர்களில் ஐந்து பேர் வெட்டறை, அண்ணை வெட்டு, மாஸ்டர் குடைவறை. வெட்டறை என்றே அனுப்புகிறேன்.

மாஸ்டர்:
அனுப்புங்கள். அடிக்குறிப்பில் குடைவறையையும் போடுங்கள். வல்லின றகரம், அச்சுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.