யோயிபியே, க்ரோலி: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: ஐஸ்லாந்து ராப் ஜோடி யோயிபியே, க்ரோலி பாட்டு ஒன்று தற்செயலாகக் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை, விடவும் முடியவில்லை. எதை முதலில் கேட்பது?

பதில் 1: சந்தேகமே வேண்டாம், 2017இல் வந்த ‘பி.ஓ.பி.ஏ.’ பாட்டுதான். அப்போது இருவரும் பதின்வயதுப் பையன்கள். நாடே முணுமுணுத்தது. அப்புறம் அதே ஆண்டு வந்த ‘கெர்விக்லிங்குர்’ ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள்.

பதில் 2: 2018 ஆல்பத்தையும் விட்டுவிடாதீர்கள். க்ரோலி நடிக்கவும் போய்விட்டார். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. ஐஸ்லாந்திய மொழியில் மட்டும் பாடினால் ஒரே பாட்டில் ஊரறிந்த முகமாகலாம், சந்தை அதோடு முடிந்துவிடும். இந்தக் கணக்குத் தெரிந்தும் ஆங்கிலத்துக்குத் தாவாததுதான் எனக்குப் பிடித்தது.

கேட்டவர்: சரி, ‘பி.ஓ.பி.ஏ.’ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோரஸ் இனி இரண்டு நாளைக்குத் தூங்கவிடாது!