போர்பன் கவுன்டி ஸ்டவுட்: கருகின மர வாசம் மட்டும்தான் வருகிறது, எப்படிக் குடிக்க வேண்டும்?

ஏரிக்காற்று:
சிகாகோ பக்கம் இருக்கிறேன். கூஸ் ஐலண்ட் என்ற பீர் நிறுவனத்தின் போர்பன் கவுன்டி ஸ்டவுட், ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் வகை, இந்த வருடம் இரண்டு பாட்டில் கிடைத்தது. நேற்று ராத்திரி ஒன்றை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து ஊற்றினேன். நுரை என்று பெரிதாக எழவே இல்லை. ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் வந்து உடனே அடங்கிவிட்டது. வாயில் வைத்தால் கருகின மரமும் விஸ்கி எரிச்சலும்தான். சாக்லேட், வெனிலா, தேங்காய் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதெல்லாம் எங்கே? பாட்டிலில் கோளாறா? இதில் விஸ்கியைக் கலந்துதான் விற்கிறார்களா? பாதியை மூடி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மச்சான் வருகிறார், விஸ்கி என்றால் அவருக்கு உயிர். இரண்டாவது பாட்டில் அவருக்காக இருக்கிறது.

கரிப்பீப்பாய்:
கோளாறு ஒன்றும் இல்லை தம்பி, குளிர்தான் காரணம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி வாக்கில் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை மேலே வராது, கரியும் கசப்பும் மட்டும் நாக்கில் நிற்கும். 12, 13 டிகிரி செல்சியஸுக்கு வரட்டும். நுரை அடங்குவதும் இயல்புதான். பீப்பாயிலிருந்து இறக்கும்போது பீரில் வாயு அநேகமாக இருக்காது, பாட்டிலில் அடைக்கும் முன் அளவாகத்தான் ஏற்றுவார்கள். 14 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் நுரையை நிற்க விடாது.

விஸ்கியை ஊற்றுவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கி என்றால் உட்புறம் கருக்கிய புது ஓக் மரக் கலத்தில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அதற்கு மறுபடி ஆகாது, விற்றுவிடுவார்கள். பெரும்பகுதி ஸ்காட்ச் விஸ்கி தயாரிப்பவர்களுக்குப் போகிறது, கொஞ்சம் பீர்க்காரர்களுக்கு. 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர் பிடிக்கிற பீப்பாய். காலி என்று பெயர்தான், பலகைக்குள் போர்பன் ஊறிக் கிடக்கும். அதில் ஸ்டவுட்டை மாதக்கணக்கில் விடுகிறார்கள். கோடையில் பீர் விரிந்து மரத்துக்குள் இறங்கும், பனிக்காலத்தில் சுருங்கி வெளியே வரும். சிகாகோவின் வெயிலும் குளிரும் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்துகின்றன. வெனிலா வாசம் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வருவது, தேங்காய் வாசம் ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற வாசனைப் பொருளால்.

நான் குடிக்கிற விதத்தைச் சொல்கிறேன். வாய் குறுகிய, வயிறு அகன்ற கிளாஸில் மூன்று விரல் உயரத்துக்கு ஊற்றி மேசையில் வைத்துவிடுவேன். முதலில் மூக்குக்குக் கரிதான் தெரியும். அரை மணி கழித்துக் கிளாஸை மெல்லச் சுழற்றிப் பாருங்கள், பக்கவாட்டில் பழுப்பாக ஒரு படலம் ஏறி, இழை இழையாக இறங்கும். அப்போது முகர்ந்தால் வெனிலா முன்னே வந்திருக்கும், பின்னால் காய்ந்த அத்திப்பழமும் பேரீச்சையும். ஒரு சின்ன வாய் எடுத்து உடனே விழுங்காமல் வைத்திருங்கள். முதலில் இனிப்பு, கருப்பட்டிப் பாகு அடிப்பிடிக்கும் தறுவாயில் வருமே, அந்த இனிப்பு. நடுவில் கசப்புச் சாக்லேட். விழுங்கிய பிறகு ஈறுகளில் ஒரு துவர்ப்பு, அது மரத்தினுடையது. அந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் இவ்வளவு இனிப்பைத் தாங்க முடியாது. இந்த பீரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். கடைசியில்தான் நெஞ்சில் சூடு. அந்தச் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு 'இது விஸ்கிதானே' என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

மால்ட்மூட்டை:
புளிப்பு ஏதாவது இருந்ததா? 2015-ம் வருடப் பாட்டில்கள் சிலவற்றில் லாக்டோபேசிலஸ் வகைக் கிருமி புகுந்து, நிறுவனமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2016 முதல் பாஸ்டரைஸ் செய்கிறார்கள், அதாவது சூடாக்கிக் கிருமியைக் கொல்கிறார்கள். புளிக்கவில்லை என்றால் கவலை வேண்டாம்.

பனங்காடு:
நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஊரில் எங்களுக்கு ஸ்டவுட் என்றால் லயன்தான், 8.8 சதவீதம், பீப்பாய் வாசம் இல்லாதது. கோப்பி, சாக்லேட் வாசம் அதில் தெளிவாக இருக்கும். அதை ஒரு கிளாஸிலும் போர்பன் கவுன்டியை இன்னொன்றிலும் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கோ. மால்ட் (முளைகட்டிய தானியம்) தருவது எது, மரம் தருவது எது என்று நாக்குக்கே விளங்கும். லயன் கிடைக்காவிட்டால் கலிஃபோர்னியாவின் ஓல்ட் ரஸ்புடின் ஸ்டவுட் 9 சதவீதம், அதுவும் நல்ல துணை.

ஏரிக்காற்று:
மிச்சம் இருந்த பாதியை இன்றைக்கு வெளியே வைத்துப் பொறுமையாகக் குடித்தேன். அண்ணா சொன்ன வெனிலா வந்தது! அத்திப்பழமும் புரிந்தது. தேங்காய் இன்னும் பிடிபடவில்லை. மச்சான் வரும்போது விஸ்கியை முதலில் வைப்பதா, இதையா? தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா செய்யலாமா?

கரிப்பீப்பாய்:
இதை முதலில் வையுங்கள். விஸ்கி பட்டுவிட்ட நாக்குக்கு இந்த நுணுக்கமெல்லாம் எட்டாது. சுக்கா வேண்டவே வேண்டாம், மிளகுக் காரத்தோடு ஆல்கஹால் எரிச்சலும் சேர்ந்துவிடும். உப்புத் தூக்கலான நீலப் பூசணச் சீஸ் ஒரு துண்டு, வறுத்த பாதாம், அது போதும். சுக்காவை அப்புறம் சோற்றோடு பரிமாறுங்கள். தேங்காய் வாசத்தைக் காலி கிளாஸில் தேடுங்கள். குடித்து முடித்துப் பத்து நிமிடம் கழித்து முகர்ந்தால் எனக்கு அங்கேதான் அது கிடைக்கிறது.

உங்கள் பாட்டில் 500 மில்லி என்றால், அமெரிக்கக் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு டிரிங்க். மச்சான் காரில் வருகிறார் என்றால் ராத்திரி அங்கேயே தங்கச் சொல்லிவிடுங்கள்.