செய்தி மடலில் சிறப்புப் பேச்சாளர் அறிவிப்பு: படம் பெரிதா, கேள்வி பெரிதா?

வெட்டாறு:
டெல்டாவில் விவசாயச் சங்கங்களும் வாசகர் வட்டங்களும் மாதாமாதம் போடும் மடல்களைப் பாருங்கள். பேச்சாளர் அறிவிப்பு எல்லாம் ஒரே வார்ப்பு. முதல் பக்கத்தில் பாதிக்குப் படம், பெயருக்குப் பின்னால் மூன்று வரிப் பட்டம், 'அனைவரும் வருக வருக'. பேசப்போகும் விஷயம்? 'வேளாண்மையில் நவீன உத்திகள்' என்று ஒற்றை வரி. இதை நம்பி ஞாயிற்றுக்கிழமை யார் வண்டியை எடுப்பார்?

என் கட்சி இது: தலைப்பாக ஒரு கேள்வி போடுங்கள், வரப்பில் நின்று கேட்கிற கேள்வியாக. 'சி.ஆர். 1009 சப் 1 நெல் எத்தனை நாள் முழுகிக் கிடந்தால் பிழைக்கும்? எந்தப் பருவத்தில் பிழைக்காது?' அதற்குக் கீழே பேச்சாளர் பெயர், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு என்ன அனுபவம் என்று ஒரே வரி. பிறகு நாள், நேரம், இடம், எந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்கவேண்டும். படம் ஸ்டாம்பை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும்.

கும்மோணம் டிகிரி:
அண்ணே, சொல்வது சுலபம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ தஞ்சாவூர் மண், நீர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ ஒருவர் விடுமுறை நாளில் சம்பளம் வாங்காமல் வருகிறார். அவருக்கு நாம் கொடுப்பது ஒரு துண்டும் அந்த முதல் பக்கமும்தான். அதையும் சுருக்கினால் அடுத்த முறை போனை எடுப்பாரா? அதோடு, நம் ஊரில் 'யார் பேசறா?' என்பதுதான் முதல் கேள்வி. விஷயம் அப்புறம்.

இன்னொன்று. கேள்வியை மடலில் போட்டால் பதிலை வாட்ஸ்அப்பில் தேடிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

வெட்டாறு:
பதிலில் பாதியை மடலிலேயே கொடுத்துவிடுங்கள் என்கிறேன் நான். சப் 1 மரபணு உள்ள இரகம் இரண்டு வாரம் வரை முழு மூழ்கலைத் தாங்கும் என்பது பரவலாகத் தெரிந்த விஷயம், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அது தூர்விடும் பருவத்துக்குச் சொன்ன கணக்கு. கதிர் வெளிவந்த பிறகு முழுகினால் பொருந்தாது. தண்ணீர் கலங்கலாக நின்றால் ஒரு கதை, தெளிவாக நின்றால் ஒரு கதை. வடிந்த பிறகு தழைச்சத்தை எப்போது இடுவது? இந்த 'ஆனால்'களைக் கேட்கத்தான் ஆள் வருவார்.

மரியாதைக்கு வழி இருக்கிறது. பட்டங்களை வரவேற்புரையில் முழுசாகப் படியுங்கள். மடலின் 2ஆம் பக்கத்தில் 60 சொல்லில் அறிமுகம் போடுங்கள். எழுதிய பிறகு அவருக்கே அனுப்பி, பெயரின் தலைப்பெழுத்தும் பதவியும் சரியா என்று கேட்டு வாங்குங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் படம் சின்னதானதால் வராது, 'இணைப் பேராசிரியர்' 'உதவிப் பேராசிரியர்' ஆனதால் வரும்.

கடைமடை:
நீங்கள் இரண்டு பேரும் பக்க அளவுக்குச் சண்டை போடுகிறீர்கள், காலண்டரை யாரும் பார்க்கவில்லை. சி.ஆர். 1009 சுமார் 150 நாள் பயிர். விதை முடிவு ஆகஸ்டுக்குள் ஆகிவிடும். வெள்ளம் தாங்கும் இரகம் பற்றி நவம்பரில் கூட்டம் போட்டால் முழுகின வயலைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். அந்தப் பேச்சு ஜூலை கடைசியில், அறிவிப்பு ஜூலை மடலில் வரவேண்டும். குறுவைக்கு என்றால் மே மாதம். மேட்டூர் ஜூன் 12 திறப்பது வழக்கம், இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். திறந்தபிறகு எங்கள் பக்கம் ஆள் கிடைக்கமாட்டார்கள், வாய்க்கால் மதகில்தான் இருப்பார்கள்.

வளர்பிறை முகூர்த்த ஞாயிறைத் தொடவே தொடாதீர்கள். ஆடியில் மண்டபமும் காலி, சமையல்காரரும் காலி.

கும்மோணம் டிகிரி:
காலண்டர் சரி. நான் கேட்பது, காகித மடலே எதற்கு? வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டால் முடிந்தது.

மன்னை டிடிபி:
முடியாது தம்பி. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகவே போகாது, உங்களுக்கும் அது தெரியவராது. அதனால் மடலில் 'இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள்' என்று ஒரு வரி கட்டாயம். காகிதம் டீக்கடை மேசையில் பத்து நாள் கிடக்கும். வாட்ஸ்அப் மூன்று நாள் முன்பு ஒருமுறை, அன்று காலை ஒருமுறை நினைவூட்ட.

அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் கவனிக்கவேண்டியது: பேச்சாளர் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், அது நசுங்கி வரும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 5 செ.மீ. அகலத்துக்கு 600 பிக்சல் போதும். கறுப்பு வெள்ளை அச்சென்றால் பின்னணி வெளிறி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மையில் முகம் கரைந்துவிடும்.

பெரிய ஆபத்து எழுத்துரு. பல டிடிபி சென்டர்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். போனில் அடிக்கிற யூனிகோடில் வந்ததை எழுத்துரு மாற்றியில் போட்டு ஒட்டும்போது, இரகப் பெயரை ஆங்கில எழுத்தில் 'CR' என்று விட்டிருந்தால் அது 'ஊசு' என்று விழும். 'ஊசு 1009' என்று 500 பிரதி அச்சானால் யாரை நோவது? மாற்றிய பிறகு இரகப் பெயர், தேதி, போன் எண் மூன்றையும் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிடவேண்டும்.

கடைமடை:
இன்னொரு விஷயம், யாரும் வாய் திறக்காதது. பூச்சிமருந்து கம்பெனி ஆள் 'வல்லுநர்' என்ற பெயரில் வருகிறார். மடல் அச்சுக்கூலியும் டீச்செலவும் கம்பெனி. அறிவிப்பில் ஒரு சொல் கிடையாது.

கும்மோணம் டிகிரி:
அவர்கள் பணம் இல்லாமல் பல சங்கத்தில் மடலே வராது. குருத்துப்பூச்சியைப் பற்றி அவருக்கும் தெரியும்தானே?

வெட்டாறு:
தெரியும். வரட்டும். ஆனால் அறிவிப்பிலேயே 'இவர் இன்ன நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு, இந்த இதழின் அச்சுச் செலவு அவர்களுடையது' என்று பேச்சாளர் பெயருக்கு அடுத்த வரியில், அதே எழுத்தளவில் போடவேண்டும். கடைசிப் பக்க மூலையில் 6 பாயிண்டில் அல்ல. மருந்துப் பெயர் அறிவிப்பில் வரக்கூடாது, பூச்சியின் பெயர் வரலாம்.

கும்மோணம் டிகிரி:
அந்த வரியைப் போட்டால் பாதிக் கம்பெனி பணம் தராது. இருந்தாலும் அதில் நான் மறுக்கவில்லை. படத்தில் மட்டும் இறங்கமாட்டேன், ஸ்டாம்ப் அளவு என்பது அவமானம். கால் பக்கம்.

பேச்சாளர் கடைசி நேரத்தில் வராவிட்டால் உங்கள் கேள்வித் தலைப்பு என்ன ஆகும்?

வெட்டாறு:
கேள்வித் தலைப்புக்கு அங்கேதான் லாபம். ஆறு வாரம் முன்பே ஒப்புதலை எழுத்தில் வாங்கி, அதே விஷயம் தெரிந்த இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. முதல் பக்கம் முழுக்க ஒருவர் முகமாக இருந்தால் மாற்று ஆளை யார் கேட்பார்?

ஒரு கேள்விச் சீட்டும் மடலில் சேருங்கள். வாசகர் வெட்டி, தன் கேள்வியை எழுதி, உரக்கடையிலோ டீக்கடையிலோ போட்டுவிட்டுப் போகட்டும். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு திரட்டிப் பேச்சாளருக்கு அனுப்பினால் அவரும் அதற்கேற்பத் தயாராகி வருவார்.

மன்னை டிடிபி:
சீட்டு எங்கே என்று சொல்லிவிடுங்கள். ஏ3 தாளை ஒரு மடிப்பு மடித்தால் நாலு பக்கம், 3இன் பின்புறம் 4. 4ஆம் பக்கத்தில் நாளும் இடமும் இருந்து, 3இல் சீட்டை வைத்தால், வெட்டுகிறவர் இடத்தையும் சேர்த்து வெட்டிக் கொடுத்துவிடுவார். சீட்டு 3இன் கீழ் மூலையில், அதன் பின்புறம் 4இல் விளம்பரம் மட்டும். அந்த விளம்பரதாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சண்டைக்கு வருவார்.