ஓடும் காரில் வைஃபை, 4ஜி இரண்டும்: தரவைப் பிரிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் சோதனை வாகனத்தில் 4ஜி மோடமும் வைஃபையும் உள்ளன. வண்டி நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததும் மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் அறுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இரு இணைப்புகளையும் சேர்த்துப் பயன்படுத்த இயலுமா?

மறுமொழி 1:
டிசிபி (இணையத்தில் தரவை வரிசை தவறாமல் அனுப்பும் நெறிமுறை) இணைப்பு, ஐபி முகவரிகளையும் (வலையமைப்பில் கருவியின் முகவரி) போர்ட் எண்களையும் (கருவிக்குள் எந்தச் செயலிக்கு என்பதைக் காட்டுபவை) கொண்டே அடையாளம் காணப்படுவதால், வலையமைப்பு மாறி முகவரி மாறியதும் அது அறுவது இயல்பே. 2021இல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான குயிக் (QUIC) நெறிமுறையில் இணைப்புக்கெனத் தனி அடையாளம் இருப்பதால், முகவரி மாறினாலும் பரிமாற்றம் தொடரும். ஒரே நேரத்தில் இரு பாதைகளிலும் அனுப்ப டிசிபியின் பல்பாதை வடிவமான மல்ட்டிபாத் டிசிபி உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 5.6 பதிப்பு முதல் அது கிடைக்கிறது, ஆனால் சர்வரும் அதை ஏற்க வேண்டும்.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியது சரியே. எனினும் இரு பாதைகளின் தாமதம் வெகுவாக வேறுபட்டால், மெதுவான பாதையில் சிக்கிய தரவுத் துண்டுக்காக (பொட்டலம்) வேகமான பாதையில் வந்தவையும் காத்திருக்க நேரிடும். புதுப்பிப்பு அவசரமற்றது. விட்ட இடத்திலிருந்து தொடரும் எச்டிடிபி ரேஞ்ச் கோரிக்கையைப் பயன்படுத்தி, அடுத்த வைஃபை கிடைக்கும்வரை அதை நிறுத்திவைப்பதே மலிவான வழி. 4ஜியை வரைபடத்துக்கும் போக்குவரத்துத் தகவலுக்கும் விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்கள் சர்வர் ரேஞ்ச் கோரிக்கையை ஏற்கிறது. முதலில் அதையே சோதிக்கிறேன்.