சங்கத் தலைவருக்கு லீவு யார் கொடுப்பது? உங்கள் அனுபவங்கள்

கண்டாவளைப் பக்கம், முன்னாள் கமக்காரர் அமைப்புத் தலைவர்:

பொறுப்பில் இருந்தபோது ஓய்வெடுத்த கதை, எடுக்காமல் பட்ட கதை, எதுவானாலும் எழுதச் சொன்னீர்கள். என்னுடையது பட்ட கதை.

2018 மார்கழி வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 21ஆந் திகதி இரவு விடாத மழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளும் திறக்க, எங்கள் பக்கம் வயல் எது, வீதி எது என்று தெரியவில்லை. சனம் எல்லாம் பாடசாலையில். ஆட்களை ஏற்றி இறக்குவது, விறகு தேடுவது, ஜீ.எஸ்ஸுக்கு (கிராம சேவகருக்கு) பட்டியல் எழுதுவது எல்லாம் என் தலையில். யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, நானேதான் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்று இரவு கண் மூடவில்லை. “அண்ணை, கொப்பியை இங்கை தாங்கோ, ஒரு மணித்தியாலம் சரிஞ்சு எழும்புங்கோ” என்று செயலாளர் இரண்டு தரம் கேட்டார். கொடுக்கவில்லை.

நாலாம் நாள் உலருணவுப் பொதி வந்தது. என் பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிட்டோம். ஒரு குடும்பத்தின் பெயர் இரண்டு தரம் வந்தது. ஒரு ஒழுங்கையில் இருந்த பதினொரு குடும்பத்தின் பெயர் வரவே இல்லை. அந்த ஒழுங்கை ஆச்சி ஒருவர் ஈரச் சேலையோடு வந்து, “தம்பி, என்ர பேர் இல்லையோ?” என்றார். பதிவு நேரத்தில் எங்கே போனீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

இரவு கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் என் எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கி, கடைசியில் வெறும் கீறலாக ஓடியிருந்தது. நான் நித்திரை, பேனை மட்டும் நடந்திருக்கிறது. 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரைப் போலத் தடுமாறும் என்று ஆய்வில் கண்டிருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். வெறியில் வந்த ஒருவரிடம் அந்தக் கொப்பியைக் கொடுத்திருப்பேனா?

ஆச்சி இப்போதும் என்னோடு கதைப்பார். ஆனால் முன்பு தம்பி, இப்போது “தலைவர்”.

ஒட்டுசுட்டான், மாதர் சங்கத்தில் இருப்பவர்:

அண்ணா, வாசிக்கவே கஷ்டமாக இருந்தது. எங்களுக்கு இது இடப்பெயர்வுக் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறேன். 2009இல் ஒருவர் முழித்திருந்தால்தான் மற்றவர்கள் கண் மூடலாம். அப்படி முழித்திருந்தவர்கள்தான் பிறகு சங்கங்களுக்கும் தலைவர்கள் ஆனார்கள். முழிப்பு மட்டும் போகவில்லை.

நான் வருடா வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு ஒரு கிழமை சித்தி வீட்டில் நின்றுவிடுவேன். முதல் வருடம் போனையும் கொண்டு போனதால் அங்கேயும் சங்கம்தான். அடுத்த வருடம் போனை வீட்டில் வைத்துவிட்டு, கடன் பெட்டித் திறப்பைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கொப்பியோடு வாசலில் நின்றார். ஒருவரின் தவணைக் காசை நான் இன்னொருவரின் கணக்கில் எழுதி, இரண்டு வருடமாக அப்படியே கொண்டு வந்திருக்கிறேன். களவில்லை, கவனக்குறைவு. நான் ஊரில் நின்றிருந்தால் அந்தக் கொப்பியை ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டார்கள். வங்கிகளில் சில பொறுப்பில் உள்ளவர்களைச் சில நாள் தொடர்ச்சியாக லீவில் அனுப்புவதும் இதற்காகத்தானாம். மகள் சொல்லிச் சிரித்தாள்.

மாங்குளத்துக்கு உட்பக்கம், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர்:

எல்லாம் சரி அக்கா, ஆனால் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே சங்கமும் பார்க்கிறவனுக்கு ஏது ஒரு கிழமை? சங்க வேலையே என் லீவு நாளில்தான் நடக்கிறது. போக்குவரத்துக் காசும் என் கையாலேதான்.

என்னால் முடிந்தது ஒன்றுதான், இரவு எட்டு மணிக்குப் பிறகு போனை நிற்பாட்டுவது. “பெரிய ஆள் ஆகிட்டார்” என்ற கதையும் வந்தது. ஒரு நாள் இரவு யானை வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. வழமையாக முதல் அழைப்பு எனக்குத்தான். அன்று பெடியளே யானை வெடி கொளுத்திக் கலைத்து, வேலியையும் கட்டிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. விடியப் போய், ஏனடா வந்து எழுப்பவில்லை என்று கேட்டேன். சந்தோஷம்தான், கொஞ்சம் கோபமும் இருந்தது.

“நீங்கள் நித்திரை எண்டு தெரியும் அண்ணை” என்றான் ஒருவன்.