கலாடன் கரையும் ஒரு கடப்பாரையும்

நாசிக் ரோடு பீரங்கிப் படை மையத்தில் நான் ரெக்ரூட்டாக இருந்த சமயம். ஒரு நாள் எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சியாளர், ஒரு கனத்த இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்து, தலைக்கு மேல் சுழற்றச் சொன்னார். நம் ஊர்க் கடப்பாரை மாதிரிதான் இருந்தது. நாலாவது சுற்றிலேயே தோள் கழன்றுவிடும் போலாகிவிட்டது. அப்புறம்தான் உட்காரவைத்து ஹவில்தார் உம்ராவ் சிங் கதையைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போர். 1944 டிசம்பர் 15 இரவு. பர்மாவின் அராக்கான் பகுதியில் கலாடன் பள்ளத்தாக்கு. முன்னால் நின்ற ஒரு மலைப் பீரங்கிக்கு இந்த ஹரியானாக்காரர்தான் பொறுப்பு. வயது 24. ஜப்பானியர்கள் ஒன்றரை மணி நேரம் குண்டு பொழிந்துவிட்டு, குறைந்தது இரண்டு கம்பெனி, அதாவது சில நூறு ஆட்களோடு ஏறி வந்தார்கள். கையெறி குண்டால் இரண்டு முறை அடிபட்டும், எப்போது எங்கே சுடுவது என்று தன் ஆட்களுக்குச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. ஒரு கட்டத்தில் எதிரி ஐந்து கெஜத்துக்குள் வந்துவிட்டான். பீரங்கியின் கேடயத் தகட்டுக்கு மேலாக பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியை நீட்டிச் சுட்டு விரட்டினார்.

கடைசித் தாக்குதல் வந்தபோது இரண்டு பேரைத் தவிர அவருடைய ஆட்கள் எல்லோரும் செத்தோ காயப்பட்டோ விழுந்திருந்தார்கள். மிச்சமிருந்த தோட்டாவும் தீர்ந்தது. அப்போது எதிரியை அடிக்க எடுத்ததுதான் நான் சுழற்றிய மாதிரியான அந்தக் கம்பி.

ஆறு மணி நேரம் கழித்து இடத்தை மீட்டபோது, பீரங்கிக்குப் பக்கத்திலேயே நினைவு தப்பிக் கிடந்தார். தலைக்காயத்தில் முகம் அடையாளமே தெரியவில்லை. கம்பியை மட்டும் விடவில்லை. சுற்றிலும் பத்து ஜப்பானியர் சடலங்கள். அந்தப் பீரங்கி அன்றைக்கே மறுபடி சுட்டது. அவருக்கு பிரிட்டனின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

பின்னாளில் எனக்கு மிசோரமில் போஸ்டிங். அங்கே சிம்துய்புய் என்பார்கள், அதே கலாடன் ஆறுதான். டிசம்பர் விடியற்காலையில் மூங்கில் காட்டில் சென்ட்ரி நின்றால், பனியில் பத்தடி தாண்டி ஒன்றும் தெரியாது. சருகு அசைந்தாலே விரல் டிரிக்கருக்குப் போய்விடும். சண்டையே இல்லாத காலத்தில் நின்ற என் கதி இது.

*

ஐயா, உம்ராவ் சிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் லண்டனில் இருக்கும் உங்கள் வாசகர். என் தாத்தாவும் அந்தப் போரில் பர்மாவில் லாரி ஓட்டியவர். இங்கே கான்ஸ்டிடியூஷன் ஹில் சாலையில், உலகப் போர்களில் பணியாற்றிய இந்திய, ஆப்பிரிக்க, கரீபிய வீரர்களுக்காக 2002ல் திறந்த நினைவு வாயில்கள் இருக்கின்றன. பக்கத்து மண்டபத்தின் உட்கூரையில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர்களின் பெயர்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துத்தான் உம்ராவ் சிங்கைக் கண்டுபிடித்தேன்.

1995ல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு இங்கே வந்தவர், பிரதமர் ஜான் மேஜரிடமே ஓய்வூதியம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். விக்டோரியா கிராஸுக்காக அதுவரை வருடத்துக்கு வெறும் 168 பவுண்டு! அது 1,300 ஆனது. உயிரோடிருந்த மற்ற இந்திய வீரர்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் தாத்தா பென்ஷனுக்காக மனு எழுதி எழுதியே ஓய்ந்தவர். இருந்திருந்தால், "பார்த்தியா, ஹவில்தார் நேரா கேட்டுட்டான்" என்று தொடையில் தட்டிச் சிரித்திருப்பார்.